கொழும்பிலிருந்து புறப்பட்டு சிவனொளிபாதமலையில் முடியும் பன்னிரண்டு நாள் நடைப்பயணம்: முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வளர்ந்த பலருக்கும் சிவனொளிபாதமலை என்றவுடன் ஒரே விதமான நினைவுதான் வரும். வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்து வான் வண்டியொன்றில் ஏறி, வளைவுப் பாதைகளில் உறங்காமல் குலுங்கி, நள்ளிரவுக்குப் பின் மலையடிவாரத்து நல்லதண்ணியில் இறங்கி, அந்தக் களைப்போடேயே படியேறி, சூரியன் உதிப்பதைப் பார்த்துவிட்டு, மறுநாள் இரவு வீடு திரும்பி, அடுத்த மூன்று நாட்களுக்கு மாடிப்படியைக் கண்டாலே முகம் சுளிக்கும் நினைவு அது. நானும் இருமுறை அப்படியே போய் வந்தேன். மூன்றாவது முறை கண்டிக்கு மேலே ஹந்தானையில் நடக்கத் தொடங்கி, தேயிலைத் தோட்டங்களுக்கு ஊடாகப் பத்து நாட்கள் கடந்து, பதினோராவது நாள் விடியலில் உச்சியில் நின்றேன். அந்த முறைதான் மலை எனக்கு இலகுவாக இருந்தது. உடல் பழகியிருந்தது ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், அந்தப் பயணத்தை நான் பின்னாலிருந்து முன்னுக்குத் திட்டமிட்டிருந்தேன் என்பதுதான். நீண்ட நடையின் கடைசி நாளில் ஒரு மலையை வைப்பவர், மலையேறும் விடியலை முதலில் தீர்மானித்து, அங்கிருந்து பின்னோக்கி நாட்களை எண்ண வேண்டும். இந்த வழிகாட்டியில் வரும் ஏனைய அறிவுரைகள் எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன.

உலகின் பெயர்பெற்ற நெடும்பாதைகளிலும் இதே கணக்கு உண்டு. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையை ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் வடக்கு நோக்கி நடப்பவர்களுக்குக் கடைசி அடி கட்டாடின் மலையின் உச்சியில்தான் விழுகிறது. அந்த மலை இருக்கும் பூங்காவில் ஒக்டோபர் நடுப்பகுதியோடு கூடாரமிட்டுத் தங்குவது முடிந்துவிடுவதால், ஜோர்ஜியாவில் வசந்த காலத்தில் முதல் அடி வைக்கும்போதே அவர்கள் அந்தத் திகதியை மனதில் வைத்துத்தான் நடக்கிறார்கள். கலிபோர்னியாவின் ஜோன் மியூர் பாதையில் தெற்கு நோக்கிச் செல்பவர்கள் 340 கிலோமீற்றர் நடந்து, 4,421 மீற்றர் உயரமான விட்னி மலையில் முடிக்கிறார்கள். இடைப்பட்ட வாரங்களில் உயரமான கணவாய்களைக் கடந்து வந்திருப்பதால், காற்று மெலிந்த அந்த உச்சிக்கு அவர்களின் உடல் ஏற்கெனவே பழகியிருக்கும். நம்முடைய மலை 2,243 மீற்றர்தான். உயரத்தினால் வரும் தலைச்சுற்றும் வாந்தியும் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலேயே தொடங்குவதால், அந்தக் கவலை நமக்குப் பெரிதாக இல்லை. இங்கே நாம் அஞ்ச வேண்டியவை மழை, கூட்டம், முழங்கால் ஆகிய மூன்றுமே.

இலங்கையின் அதியுயர்ந்த மலையான பிதுருதலாகலை 2,524 மீற்றர் இருக்கும்போது அதை ஏன் இறுதியாக வைக்கக்கூடாது என்று சிலர் கேட்பதுண்டு. அதன் உச்சியில் தொலைத்தொடர்பு நிலையமும் பாதுகாப்புக் கட்டுப்பாடும் இருப்பதால், முதுகில் பையோடு நடந்து ஏறிப் பயணத்தை முடிக்கும் இடமாக அது அமையாது. ஹோட்டன் சமவெளியின் கிரிகல்பொத்தை ஏறத்தக்கதுதான். ஆனால் பரந்த மேட்டுநிலத்திலிருந்து எழுவதால், அங்கே தரையிலிருந்து உயர்ந்து போகும் உணர்வு குறைவு. சிவனொளிபாதமலையோ பல நாட்களாகத் தொலைவில் கூம்பாகத் தெரிந்து, நெருங்க நெருங்க வளர்ந்து, கடைசியில் தலைக்கு மேலே நிற்கும். நடந்து வருபவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

முதலாவது படி: விடியலைத் தேர்ந்தெடுத்தல்

யாத்திரைக் காலம் மார்கழிப் பௌர்ணமியோடு தொடங்கி வைகாசி வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. இந்த மாதங்களில் நல்லதண்ணிப் பாதை நெடுகிலும் இரவில் விளக்கு எரியும். தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். பேருந்துகள் கூடுதலாக ஓடும். ஏனைய மாதங்களில் விளக்கும் இல்லை, கடையும் இல்லை, தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குச் சரிவில் நேராக வந்து மோதும். ஆகவே யாத்திரைக் காலத்துக்குள்தான் நாள் பார்க்க வேண்டும். அதற்குள்ளும் டிசம்பரில் வடகீழ்ப் பருவமழையின் மிச்சம் இருக்கும். ஏப்ரலில் பிற்பகல் தோறும் இடிமழை வரும். தை மாதக் கடைசியிலிருந்து பங்குனித் தொடக்கம் வரையுள்ள ஐந்தாறு வாரங்களே நடைக்கும் மலைக்கும் ஒருசேரப் பொருந்துபவை.

அந்த வாரங்களுக்குள் பௌர்ணமி, சனி, ஞாயிறு ஆகிய நாட்களில் உச்சிக்குப் போகாதீர்கள். என் முதலாவது பயணம் ஒரு பௌர்ணமி இரவில் நடந்தது. கடைசிச் செங்குத்துப் படிகளில் ஓர் அடிக்கு அரை மணித்தியாலம் என்ற கணக்கில் நின்று நின்று, சூரியன் உதித்தபோது முன்னால் நின்றவரின் போர்வையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகா சிவராத்திரியில் ஏற வேண்டும் என்ற விருப்பம் பலருக்கு இருக்கும். அதை நான் தடுக்கவில்லை. ஆனால் அன்று நடையின் வேகம் உங்கள் கையில் இருக்காது.

என் தெரிவு வியாழக்கிழமை விடியல். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால், புதன் நண்பகலில் நல்லதண்ணி, செவ்வாய் இரவு மஸ்கெலியா, திங்கள் இரவு நோர்வூட், ஞாயிறு இரவு கொட்டகலை, சனி முழு ஓய்வு, வெள்ளி இரவு வட்டகொட, வியாழன் பூண்டுலோயா, புதன் தவலந்தென்ன, செவ்வாய் லூல்கந்துர, திங்கள் கலஹா, அதற்கு முந்திய ஞாயிறு கொழும்பிலிருந்து கண்டிக்குப் பயணம் என்று பன்னிரண்டு நாட்களும் தாமாகவே இடம் பிடித்துக்கொள்கின்றன. அலுவலகத்தில் ஒன்பது வேலைநாள் விடுமுறை கேட்க வேண்டியிருக்கும். முதல் வாரத்துக்குள் ஒரு பௌர்ணமி விழும்படி பார்த்தால் அதில் ஒரு நாள் மிச்சமாகும். உச்சிக்குப் போகும்போது பௌர்ணமிக் கூட்டமும் கலைந்திருக்கும்.

இரண்டாவது படி: பாதையை அறிதல்

நடையின் முதற்பகுதிக்கு நான் எடுத்துக்கொண்டது பீகோ ட்ரெயில். கண்டியின் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவுக்கு அருகே பீதுரு தோட்டத்தில் முடியும், 300 கிலோமீற்றருக்கும் அதிக நீளமான, 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட பாதை இது. பெரும்பாலும் தோட்ட வண்டிப் பாதைகளும், தொழிலாளர்கள் தலைமுறைகளாக மிதித்த குறுக்குப் பாதைகளும்தான். நமக்கு வேண்டியவை முதல் ஏழு கட்டங்கள். நாளொன்றுக்குச் சராசரியாகப் பதினான்கு கிலோமீற்றர் என்று எடுத்துக்கொள்ளலாம். பாதையின் வரைபடக் கோப்புகள் அதன் இணையத்தளத்தில் உள்ளன. அவற்றைக் கொழும்பிலேயே தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் சமிக்ஞை கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

ஹந்தானையில் 1925ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்று இப்போது தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்குவது பொருத்தமானது, ஏனெனில் மறுநாளே நீங்கள் லூல்கந்துரவில் நிற்பீர்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டது அங்கேதான். நூதனசாலையில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த பெயர், ஒரு நாள் நடைக்குப் பிறகு காலடியில் மண்ணாக வரும். அந்த மண்ணைத் தேயிலை நிலமாக்கத் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மலைவரை நடந்தே கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள்தான் வழிநெடுக உங்களுக்கு வழி சொல்லப் போகிறவர்கள்.

பாதையின் இடையில் விட்டு விலகும் இடங்களையும் முன்கூட்டியே குறித்துவைப்பது நல்லது. முதல் நான்கு கட்டங்களில் கலஹா, தவலந்தென்ன, பூண்டுலோயா ஆகிய ஊர்களிலிருந்து பேருந்து பிடிக்கலாம். வட்டகொடவுக்குப் பின்னர் மலைநாட்டுப் புகையிரதப் பாதை அருகிலேயே வருவதால், வட்டகொட, தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன் ஆகிய நிலையங்கள் கைகொடுக்கும். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மலைநாட்டில் ஏற்படுத்திய மண்சரிவுகளும் புகையிரதப் பாதைச் சேதமும் நினைவிருக்க வேண்டும். புறப்படும் வாரத்தில் புகையிரதங்கள் எதுவரை ஓடுகின்றன என்பதையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவித்தல்களையும் பார்த்துவிட்டே போங்கள். பழைய வரைபடத்தில் இருக்கும் குறுக்குப் பாதை மலையோடு சரிந்து போயிருக்கலாம்.

மூன்றாவது படி: கொழும்பிலேயே கால்களைத் தயார்செய்தல்

கொழும்பு ஒரு சமதரை. காலிமுகத்திடலில் மாலைதோறும் நடப்பவர் மூச்சுக்கும் பாதத்துக்கும் பயிற்சி கொடுக்கிறார். மலைக்கு வேண்டிய தொடைத் தசைக்கு அதில் ஒன்றுமே கிடைப்பதில்லை. தேயிலைத் தோட்டப் பாதைகளும் பெரும்பாலும் மலையைச் சுற்றிச் சரிவைத் தழுவியே போகின்றன. ஆகவே பத்து நாள் நடந்துவிட்டோம், படிக்கட்டு என்ன செய்துவிடும் என்று நினைப்பது தவறு. படி வேறு தசையைக் கேட்கும். இறங்கும் படி இன்னும் வேறான ஒன்றைக் கேட்கும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி அடுக்குமாடிகளில் வாழ்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. எட்டு வாரங்களுக்கு முன்பிருந்து, வாரத்தில் மூன்று நாட்கள், மின்தூக்கியை விட்டுவிட்டுப் படிகளில் ஏறி இறங்குங்கள். முதல் வாரம் வெறுங்கையோடு பத்து நிமிடம் போதும். பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டி, கடைசி இரண்டு வாரங்களில் உண்மையான பையை உண்மையான சுமையோடு தூக்கிக்கொண்டு நாற்பத்தைந்து நிமிடம் வரை வாருங்கள். ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள். குதிக்காமல், பாதம் முழுவதையும் வைத்து, ஓசையின்றி இறங்கப் பழகுவதுதான் முழங்காலைக் காக்கும் பயிற்சி. அயல்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, பையோடு ஊர்விட்டுப் போகிறீர்களா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவது இலகு. வார இறுதியில் ஒரு நாள் நான்கு மணித்தியாலம் தொடர்ந்து நடங்கள். தியத்த உயன, பெத்தகான பக்கம் நிழலும் உண்டு. சப்பாத்தைப் புதிதாக வாங்குவதென்றால் இந்தப் பயிற்சி தொடங்கும்போதே வாங்குங்கள். புறப்படும் கிழமையில் வாங்கிய சப்பாத்து கலஹாவுக்கு முன்னரே குதிக்காலைத் தின்றுவிடும்.

நான்காவது படி: பை

1344இல் இந்த மலைக்கு வந்த இபின் பதூதா, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு தன் விருப்பத்தைச் சொன்னபோது, அந்த யாழ்ப்பாண அரசர் பல்லக்கும், வழி தெரிந்த யோகிகளும், உணவு சுமக்க ஆட்களும் கொடுத்து அனுப்பியதாக எழுதியிருக்கிறார். நமக்கு அப்படி ஒரு புரவலர் இல்லை என்பதால், எடுத்துவைக்கும் ஒவ்வொரு பொருளையும் நம் தோளே சுமக்க வேண்டும். இரவுகளில் விடுதிகளிலும் வீடுகளிலும் தங்கப் போவதால் கூடாரமும் அடுப்பும் வேண்டியதில்லை. தண்ணீர் தவிர்த்து ஏழு கிலோவுக்குள் பை அடங்க வேண்டும்.

நடக்க இரண்டு சோடி, உறங்க ஒரு சோடி என்று உடுப்பு போதும். நடக்கும் உடுப்பு பருத்தியாக இருக்கக்கூடாது. வியர்வையில் நனைந்த பருத்தி மலைநாட்டுக் காற்றில் காயாமல் உடம்போடு ஒட்டிக் குளிரைக் கூட்டும். ஒரு மழை அங்கி, ஒரு கம்பளிக் குல்லா, மெல்லிய கையுறை, காற்றை மறிக்கும் மேற்சட்டை ஆகியவற்றைக் கொழும்பு வெயிலில் நின்று அடுக்கும்போது வேடிக்கையாக இருக்கும். உயரம் ஆயிரம் மீற்றர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்ற கணக்கில் பார்த்தால், உச்சி சராசரியாகவே கொழும்பைவிட 14 பாகை குளிரானது. விடியலில் காற்றும் சேர்ந்தால் பத்துப் பாகைக்குக் கீழே இருப்பதுபோல உடம்புக்குத் தெரியும்.

நெற்றியில் கட்டும் டோர்ச், ஊன்றுகோல் இரண்டு, மின்கலம், ஜீவனி பொட்டலங்கள், கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை, சித்தாலேப, அட்டைக்குச் சவர்க்காரமும் நீண்ட காலுறையும் ஆகியவை கட்டாயம். காசைத் தாளாகவே வைத்திருங்கள். தண்ணீர் விடயத்தில் ஒரு எச்சரிக்கை: தேயிலை மலைகளுக்குக் கீழே ஓடும் ஓடைகளில் உரமும் களைநாசினியும் கரைந்து வரக்கூடும். கையடக்க வடிகட்டிகள் கிருமியைத் தடுக்கும். கரைந்த இரசாயனத்தைத் தடுக்காது. தங்கும் இடத்தில் கொதித்தாறிய நீரை இரண்டு லீற்றர் நிரப்பிக்கொண்டு புறப்படுவதே பாதுகாப்பு.

ஐந்தாவது படி: தோட்டங்களுக்கு ஊடாக நடத்தல்

காலை ஆறரைக்குப் புறப்பட்டு, பிற்பகல் இரண்டுக்குள் அன்றைய நடையை முடித்துவிடுங்கள். மழை வந்தால் பிற்பகலில்தான் வரும் என்பது ஒரு காரணம். டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத் தோட்டங்களில் சிறுத்தைகள் நடமாடுகின்றன என்பதும், அவை பெரும்பாலும் அந்தி சாய்ந்த பின்னரே வெளிவரும் என்பதும் மற்றொரு காரணம். சிறுத்தையைவிட அதிகமாகத் தொல்லை கொடுப்பது குளவி. கொழுந்து பறிக்கும்போது குளவிக் கொட்டுக்கு ஆளாகி வைத்தியசாலைக்குப் போகும் தொழிலாளர்களைப் பற்றிய செய்தி வராத மாதம் இல்லை. ஒரு மலையில் ஆட்கள் யாரும் இல்லாமல் வெறிச்சோடியிருந்தால், குளவி கலைந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். வாசனைத் திரவியம் பூசாதீர்கள். கலைந்துவிட்டால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு, வந்த வழியே விரைவாக விலகுங்கள்.

தமிழ் பேசும் நடையருக்கு இந்தப் பாதையில் கிடைக்கும் சலுகை வேறு யாருக்கும் கிடைப்பதில்லை. வழி கேட்டால் வழி கிடைக்கும்; கொஞ்சம் நின்றால் தேத்தண்ணி கிடைக்கும். பூண்டுலோயாவுக்கு முன்னால் ஒரு கொழுந்து மடுவத்தில் தராசுக்காகக் காத்திருந்த அக்கா ஒருவர், எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். "நடந்தா? ஏன் தம்பி, பஸ் ஓடலையா?" என்றார். பத்து நாட்களில் கேட்ட கேள்விகளில் எனக்கு விடை தெரியாமல் போனது அது ஒன்றுக்குத்தான். அவர்களுக்கு நடை வேலை. நமக்கு அது விடுமுறை. இந்த வேறுபாட்டை மறந்து, முதுகில் கூடையோடு நிற்பவரைக் கேட்காமல் படம் எடுப்பதும், லயத்து வாசலை வேடிக்கை பார்ப்பதும் நாகரிகமாகாது. தேத்தண்ணிக்குக் காசு வாங்க மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். அடுத்த பெட்டிக்கடையில் ஒரு பிஸ்கட் பொதி வாங்கி, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று கொடுத்துவிடுவது இரு தரப்புக்கும் இலகு.

காலையில் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும், பகலில் கையோடு கொண்டுபோன சோற்றுப் பார்சலும் இந்த நடைக்கு ஏற்றவை. ஐந்தாம் கட்டத்துக்குப் பின்னர் வரும் சனிக்கிழமை ஓய்வை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். நான்காம், ஐந்தாம் நாட்களில் உடல் நன்றாகப் பழகிவிட்டதுபோலத் தோன்றும். ஓய்வை விட்டுவிட்டு ஒரு நாள் முன்னதாகவே மலையை அடைந்துவிடலாம் என்று ஆசை எழும். தசைகள் ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளும். தசைநார்களும் மூட்டும் அதைவிட மெதுவாகவே பழகும். நோகாத முழங்காலுக்கு ஓய்வு கொடுப்பதுதான் அந்தச் சனிக்கிழமையின் வேலை. வட்டகொடவுக்குப் பக்கத்துத் தலவாக்கலையில் துணி துவைத்து, உறங்கி, தாராளமாகச் சாப்பிடுங்கள். மறுநாள் கொட்டகலைக்குப் போகும் வழியில் சென் கிளேயர் நீர்வீழ்ச்சிப் பக்கம் கண் தானாகவே திரும்பும்.

ஆறாவது படி: மலையை நெருங்கும் இரண்டு நாட்கள்

நோர்வூட்டில் பீகோ ட்ரெயில் பொகவந்தலாவைப் பக்கம் திரும்பிவிடும். நாம் அதை விட்டுவிட்டு மஸ்கெலியா நோக்கிப் போக வேண்டும். இந்தப் பகுதி தார்ப் பாதை. வளைவுகளில் பேருந்துகள் ஓரத்தை உரசிக்கொண்டு வரும். காலையில் வெள்ளென, வாகனங்களுக்கு எதிர்ப்பக்கமாக நடங்கள். கால் நோகிறதென்றால் இந்தத் துண்டைப் பேருந்தில் கடப்பதில் எந்தக் குறையும் இல்லை. முழுத் தூரத்தையும் நடந்தேன் என்று சொல்லிக்கொள்வதற்காக மலையை இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

மஸ்கெலியாவில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை தபாலகத்துக்குப் போவது. உச்சியைக் கடந்து மறுபக்கமாக இரத்தினபுரிக்கு இறங்கப் போகிறவர் பையை நல்லதண்ணி விடுதியில் வைத்துவிட்டு ஏற முடியாது. முழுச் சுமையும் உச்சிக்கு வரும். ஆகவே இனி வேண்டாத உடுப்பு, வாங்கிச் சேர்த்த தேயிலைப் பொதி, வாசித்து முடித்த புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பொதியாகக் கட்டிக் கொழும்பு விலாசத்துக்கு அனுப்பிவிட்டு, பையை ஐந்து கிலோவுக்குக் கொண்டுவாருங்கள்.

மறுநாள் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையோரமாக நல்லதண்ணிக்கு நடப்பது இந்தப் பயணத்தின் மிக அழகான காலை. 1960களின் இறுதியில் அணை கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியாப் பட்டினம் இந்த நீருக்குள் போயிற்று. நீர்மட்டம் இறங்கும் காலங்களில் பழைய வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் வெளியே தெரியும். இந்த நீர்த்தேக்கத்துக்கு வரும் மஸ்கெலி ஓயாவும், முந்தைய நாள் நீங்கள் கடந்த பக்கத்துக் கெஹெல்கமு ஓயாவும் கீழே ஒன்றுசேர்ந்துதான் களனி கங்கையாகின்றன. அம்பத்தளையில் சுத்திகரித்துக் கொழும்புக் குழாய்களுக்கு வருவது அந்தக் களனி நீர். வெள்ளவத்தையில் குழாயைத் திறக்கும் ஒருவர், தான் குடிக்கும் நீர் எங்கே மழையாக விழுகிறது என்று நடந்து போய்ப் பார்க்கும் காலை இது.

நண்பகலுக்குள் நல்லதண்ணியை அடைந்துவிடுங்கள். பின்னர் ஒரு சோதனை: பத்து நிமிடம் ஏதாவது படிக்கட்டில் மெதுவாக இறங்கிப் பாருங்கள். முழங்காலின் முன்பக்கமோ வெளிப்பக்கமோ குத்தினால், இரத்தினபுரிப் பக்க இறக்கத்தை அப்போதே மறந்துவிட்டு, ஏறிய வழியே இறங்குவது என்று முடிவெடுத்துவிடுங்கள். இந்த முடிவை உச்சியில், குளிரிலும் உற்சாகத்திலும் எடுக்கக்கூடாது. மாலை ஐந்தரைக்குச் சோறு சாப்பிட்டு, ஏழு மணிக்குப் படுங்கள்.

ஏழாவது படி: இரவு ஏற்றம்

நல்லதண்ணியிலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரம். 5,000க்கும் அதிகமான படிகள். பெப்ரவரியில் சூரியன் ஆறு மணி கடந்து இருபது நிமிடத்துக்குப் பின்னரே உதிக்கும். கொழும்பிலிருந்து நேரே வருபவர்கள் நான்கு மணித்தியாலம் எடுக்கும் ஏற்றத்தை, பத்து நாள் நடந்தவர் மூன்றில் முடித்துவிடுவார். அதனால் அதிகாலை இரண்டு மணிக்கு முன்னால் புறப்படாதீர்கள். நான்கு மணிக்கே உச்சியை அடைந்து, வியர்வையில் நனைந்த சட்டையோடு இரண்டு மணித்தியாலம் காற்றில் நிற்பதுதான் இந்த மலையில் ஆட்கள் செய்யும் பெரிய பிழை.

மகர தோரணத்தைத் தாண்டி, ஜப்பானிய சமாதானத் தூபிக்கு அருகே சீத கங்குலை ஓடையைக் கடக்கும்வரை பாதை பெரும்பாலும் மெதுவாகவே உயரும். அதில் வேகம் காட்டாதீர்கள்; பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அதுவே சரியான வேகம். பின்னர் யாத்திரிகர்கள் ஊசியும் நூலும் இட்டு வழிபடும் இந்திகட்டுபான வரும். அதற்கு மேலே மகாகிரிதம்பை என்ற செங்குத்து. கைப்பிடிக் கம்பி தொடங்குவதும் சப்தம் அடங்குவதும் இங்கேதான். எதிரே இறங்கி வரும் சிங்கள யாத்திரிகர்கள் "கருணாவய்" என்று வாழ்த்துவார்கள். நீங்களும் அதையே சொல்லலாம். முதன்முறை ஏறுபவர்களைக் கோடுகாரர் என்று அழைத்துச் சிரிப்பார்கள். அதில் கேலியைவிட அன்பே அதிகம்.

செங்குத்து தொடங்கும் இடத்துக்கு அருகேயுள்ள ஒரு தேநீர்க் கடையில் நில்லுங்கள். ஈரச் சட்டையைக் கழற்றி உலர்ந்ததை மாற்றி, குல்லாவைப் போட்டு, இஞ்சி போட்ட பிளேன்டீ ஒன்று குடித்து, ஐந்து மணிவரை அங்கேயே இருங்கள். சூடும் இருக்கையும் உச்சியில் கிடைக்காது. பின்னர் எழுந்து மெதுவாக ஏறினால் கிழக்கு வெளுக்கும்போது மேலே இருப்பீர்கள்.

உச்சியில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். கல் பனிக்கட்டிபோலச் சுடும். உலர்ந்த காலுறை ஒரு சோடி அதற்காகவே பையின் மேற்பகுதியில் இருக்கட்டும். புத்தரின் பாதம், சிவனின் பாதம், ஆதாமின் பாதம் என்று அவரவர் நம்பிக்கைக்கு ஏற்ப வணங்கப்படும் அந்த இடத்தில் அமைதியாக நின்று கும்பிட்டுவிட்டு, மணிக்கு வாருங்கள். எத்தனையாவது தடவை ஏறினீர்களோ அத்தனை முறை அடிக்க வேண்டும். எல்லாரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மேற்கே திரும்புங்கள்: சூரியன் எழுந்த சில நிமிடங்களில் மலையின் நிழல் கூரான முக்கோணமாகச் சமவெளியின்மேல் விழும். முகில் குறைவான காலையில் அந்த நிழல் கொழும்புப் பக்கமாக நீண்டு கிடக்கும்.

எட்டாவது படி: இறக்கம்

நீண்ட பயணங்களில் விபத்து நிகழ்வது பெரும்பாலும் உச்சிக்குப் பிறகுதான். வேலை முடிந்துவிட்டது என்று மனம் நினைக்கும்; கால் அப்போதுதான் கடினமான பகுதிக்குள் நுழைகிறது. இரத்தினபுரிப் பக்கமாகப் பலாபத்தலைக்கு இறங்கும் பாதை, நல்லதண்ணிப் பாதையைவிட நீளத்தில் ஏறத்தாழ இருமடங்கு. இறங்கும் உயரமும் மிக அதிகம். கல் படிகள் ஒழுங்கற்றவை, காடு அடர்த்தியானது, அட்டை உண்டு, ஆள் குறைவு. ஆனால் 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் காட்டுக்குள் பகல் வெளிச்சத்தில் நடக்கும் வாய்ப்பு இதில்தான் கிடைக்கும். வந்த வழியே திரும்பாமல் மலையைக் கடந்து போய்விடும் நிறைவும் இதில்தான் உண்டு.

ஏழரைக்குள் இறங்கத் தொடங்குங்கள். தனியாகப் போகாதீர்கள், துணை இல்லையென்றால் அந்தப் பக்கமாக இறங்கும் குடும்பம் ஒன்றோடு சேர்ந்துகொள்ளுங்கள். ஊன்றுகோலை ஏற்றத்தில் வைத்ததைவிடச் சற்று நீட்டி, முதலில் கோல், பின்னர் கால் என்று வையுங்கள். உயரமான படிகளில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்குங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஐந்து நிமிடம் உட்காருங்கள். குருவிட்ட எரத்னைப் பாதை வந்து சேரும் ஹெரமிட்டிபானையில் நீண்ட ஓய்வு எடுத்து, ஜீவனி கரைத்துக் குடியுங்கள். அங்கிருந்து பலாபத்தலைக்கான வழியைக் கேட்டு உறுதிசெய்த பின்னரே நகருங்கள். பாதை பிரியும் இடத்தில் முன்னால் போகிறவரின் பின்னால் போய்விடுவது இலகு. குப்பை ஒன்றையும் காட்டில் விடாதீர்கள். கால் சுளுக்கி நடக்க முடியாமல் போனால், சமிக்ஞை கிடைக்கும் இடத்திலிருந்து 1990 சுவசெரிய இலவச நோயாளர் காவு வண்டிக்கும், 119 பொலிஸ் அவசர இலக்கத்துக்கும் அழைக்கலாம். வண்டி வாகனப் பாதை முடியும் இடம்வரைதான் வரும் என்பதால், ஒருவரை முன்னால் அனுப்பி உதவிக்கு ஆள் கூட்டிவரச் செய்ய வேண்டியிருக்கும்.

ஐந்து முதல் ஏழு மணித்தியாலத்தில் பலாபத்தலையை அடைந்துவிடலாம். இந்தப் பக்கத்து நீர் களு கங்கைக்குப் போய்க் களுத்துறையில் கடலைச் சேர்கிறது. ஓடையில் காலை நனைத்து, சப்பாத்துக்குள்ளும் காலுறை மடிப்புக்குள்ளும் அட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரத்தினபுரிக்குப் பேருந்து பிடியுங்கள். அங்கிருந்து கொழும்பு நூறு கிலோமீற்றர் அளவுதான். பிற்பகலிலேயே ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்துப் பத்தாவது நாள் விடுமுறையை முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தால் நல்லது, ஏனெனில் அன்று காலையும் எங்கள் வீட்டு மாடியிலிருந்து இறங்க நான் மின்தூக்கியைத்தான் அழைத்தேன்.